குப்புறக் கிடந்த மாமனார்

கொத்தனாருக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கோட்டைப் பூங்காவின் புது நடைபாதையில் குனிந்த தலை நிமிராமல் போவதும் வருவதுமாக இருந்தார். செங்கல்லுக்கு ஒரு பெயர். ஊரில் வாழ்ந்து மறைந்தவர்களின் பெயரை வீட்டார் பொறித்துக் கொடுக்க, அத்தனையையும் பதித்தது இவர் கை. ஊரே காலடியில் கிடந்தது. மாமனாரை மட்டும் காணோம்.

இன்னும் சற்று நேரத்தில் திறப்பு விழா. புருஷன் பெயரைத் தொட்டுப் பார்க்க மாமியார் வந்துவிடுவார். மனைவியும் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தபடி பின்னாலேயே வந்தாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை.

மாமனாருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். "கல்லு அடுக்குறவனுக்கா என் பொண்ணு?" என்று கல்யாணத்தன்றே நாலு பேர் முன்னால் கேட்ட மனிதர். சாகும்வரை இவர்கள் வாசற்படியை மிதிக்கவில்லை.

நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல் பெயரில்லாமல் மொட்டையாக இருந்தது. தரையில் செங்கல் பாவும்போது சூளைக்காரர் முத்திரை கீழே போகவேண்டும், வழவழப்பான பக்கம் மேலே வரவேண்டும். விரலில் எழுத்து தட்டுப்பட்டாலே கை தானாகத் திருப்பிவிடும். இங்கே பெயர் மேலே தெரியவேண்டுமே என்று, இந்த வேலை முழுக்க அவர் அந்தக் கையோடுதான் மல்லுக்கட்டினார். மற்றவர்கள் கல்லிலெல்லாம் ஜெயித்துவிட்டு, இந்த ஒருத்தர் கல்லில் மட்டும் ஏன் தோற்றார்?

உளியால் நெம்பி எடுத்தார். மாமனாரேதான், எழுத்தெல்லாம் மணல் அப்பிக் கிடந்தார்.

"கை தவறிப் போச்சா, இல்ல வேணும்னே வெச்சீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

தொழில் பழக்கம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் உண்மையையே சொன்னார்.

"தெரியலை. பேரைப் படிச்சேன். அப்புறம் கை என்ன பண்ணுச்சுன்னு சத்தியமா எனக்கே தெரியலை."

அவள் முகம் சுருங்கிப்போனது. முந்தானையால் மணலைத் துடைத்தாள். அவர் ரப்பர் சுத்தியலை எடுத்ததும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"எங்கப்பா மேல நீங்க தட்ட வேணாம்."

அவளே குழியில் வைத்து, அழுதுகொண்டே தட்டினாள். கல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கொத்தனாருக்குக் கை பரபரத்தது. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

அதற்குள் மாமியார் வந்துவிட்டார். குனிந்து பெயரை ஆசையாகத் தடவினார். விரல் மேட்டில் இடறியதும் நிமிர்ந்து மருமகனைப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, மத்தவங்க கல்லெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. இவரை மட்டும் இப்படிக் கோணலா வைக்கணுமா? செத்த பிறகும் மனசு ஆறலையா உங்களுக்கு?"

கொத்தனார் ஒப்புக்கொள்ள வாயெடுத்தார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதம்மா," என்றாள் மனைவி, சுத்தியலைக் கீழே வைக்காமல். "நான்தான் வெச்சேன்."

கொத்தனாருக்கு அப்போதுதான் அழுகை வந்தது.