மூன்றாவது செட் விரல்கள்

என் அக்கா வீட்டுக்காரர் பூபதி மாமாவுக்கு நான் இதுவரை செய்துகொடுத்த விரல்கள் மொத்தம் முப்பது. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுகூட இருக்காது. ஆனால் அவற்றுக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் நல்ல வார்த்தை வராது.

விரல் என்றால் கிடாரின் விரல். மாமா வாசிப்பது பெடல் ஸ்டீல் கிடார். தோளில் மாட்டிக்கொள்ளும் சாதி இல்லை, மேசை மாதிரி நாலு காலில் நிற்கும். அதன்மேல் பத்துக் கம்பிகள் படுத்திருக்கும். இடது கையில் ஒரு இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிமேல் இழுக்க வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும், காலால் பெடலை மிதித்தால் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும். அப்படி ஏற்றி இறக்குவது கம்பிக்கு அடியில் இருக்கிற சின்ன உலோகத் துண்டு. கம்பிக்கு ஒன்றாகப் பத்து. அதைத்தான் விரல் என்கிறார்கள். கம்பி அதன் தலையில் உட்கார்ந்திருப்பதால், அது என்ன உலோகமோ அதன் குணம் சத்தத்தில் வந்துவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்து ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஓசூர் சிப்காட்டில் மூன்று மெஷின் போட்டு, வண்டிக் கம்பெனிகளுக்குப் புஷ் எனும் உலோக வளையம் கடைந்து கொடுக்கிறவள் நான். ஆனால் லேத் வைத்திருக்கிற மச்சினி இருந்தால் மாமாவுக்கு வேறு யார் வேண்டும்?

மாமா இருபத்திரண்டு வருடமாக இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். லீவு நாளில் கிருஷ்ணகிரியில் குலாம் முகம்மது நடத்தும் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பார். நம் பக்கத்தில் இந்த வாத்தியத்தை வாசிக்க வேறு ஆள் கிடையாது. பெங்களூரில் ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றதை வாங்கி வந்து, தானே பழகிக்கொண்டார். அதன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் மனுஷர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம். அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மூன்று கச்சேரியாகக் கிடார் சத்தம் காதைக் குத்துகிறது என்று கேட்கிறவர்கள் சொல்ல, குலாம் பாயும் பொறுத்துப் பார்த்துவிட்டு, தை மாதக் கச்சேரிக்குள் சரி செய்யாவிட்டால் கிடார் இல்லாமலே நடத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மாமா அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். கிடார் மந்தமாகிவிட்டது, அதனால்தான் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளை, அதாவது கூர்மையைக் கூட்டும் திருகை, ஏற்றுகிறாராம். ஏற்றுவதால்தான் ஆம்ப் கத்துகிறதாம். விரலைச் சரிசெய்தால் ட்ரெபிளை ஏற்றவே வேண்டாமாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

பழைய அலுமினிய விரல்களில் கம்பி பட்டுப் பட்டு மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. அதே அலுமினியத்தில் புதிதாகப் பத்துச் செய்து, தலையைக் கண்ணாடி மாதிரி பஃப் அடித்துக் கொடுத்தேன். பட்டறையிலேயே மாட்டி, ட்ரெபிளை ஏற்றாமல் வாசித்தார். எனக்குச் சத்தம் இளஞ்சூடாக, இனிப்பாக இருந்தது. மாமா உதட்டைப் பிதுக்கினார்.

"போர்வைக்குள்ள இருந்து வாசிக்கற மாதிரி இருக்குது, ஜெயா. பித்தளை போட்டுப் பாக்கலாமா?"

பித்தளையில் போட்டேன். கனமான உலோகம், சத்தம் தடித்து அடங்கி வந்தது. பெடலை விட்டால் விரல் திரும்பி வரவே யோசித்தது. அது மந்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றார். அலுமினியம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். ஸ்டெயின்லெஸ் டூலைத் தின்றுவிடும். வேண்டாம் மாமா, கூர்மை அதிகமாகிவிடும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அக்கா சம்பங்கி போனில் வந்து, அவர் சாப்பிடவே மாட்டேன் என்கிறார், செய்து கொடுத்துத் தொலை என்றாள். செய்தேன்.

நான் செய்கிற வரைக்கும் மாமா என் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே இருப்பார். பாதி கதை அவருடைய கம்பெனிக்கு வருடா வருடம் வரும் மெடிக்கல் வேனைப் பற்றி. அதில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்பார்கள். கேட்காதவர்கள் பெயர் லிஸ்டில் வந்துவிடும். பிரஸ்ஸிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்கள். பிரஸ் ஆட்களுக்கு அது பெரிய அவமானம். வேனில் இருக்கிற பெண் ஒரே சீராகத்தான் சத்தம் விடுவாளாம். மாமா மனதுக்குள் தாளம் போட்டு, சரியான இடத்தில் பட்டனை அழுத்திவிடுவாராம்.

"நாலு வருசமா தாளத்துலயே பாஸ் பண்ணிக்கினு இருக்கறேன்," என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஸ்டெயின்லெஸ் செட் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாமா ட்ரெபிளை வழக்கம்போலத் திருகிவிட்டு மேல் கம்பியை மீட்டினார். டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்த என் ஃபிட்டர் நாராயணப்பன் வாசலிலேயே தோளைத் தூக்கிக் காதை மூடப் பார்த்தான், டீ கையில் கொட்டிவிட்டது. எனக்குப் பல் கூசியது. தகரத்தை ஆணியால் கீறினால்கூட இதைவிடத் தேவலாம்.

மாமா வாசித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "பரவால்ல. ஆனா போர்வை இன்னும் போவல. டைட்டானியம்னு ஒண்ணு இருக்குதாமே?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஆம்பை அணைத்தேன். உங்களுக்குத் தங்கத்தில் செய்து போட்டாலும் குறைதான் சொல்வீர்கள், என்னை என்ன என்று நினைத்தீர்கள் என்று கத்தினேன். மாமா தலை குனிந்துகொண்டார். ஆத்திரம் அடங்காமல் நாராயணப்பன் பக்கம் திரும்பினேன். ஒரு மாதமாகச் சொல்கிறேன், அந்தக் காற்றுக் குழாய் லீக்கை அடைக்க உனக்கு நேரமில்லையா, நாள் முழுக்க அது சீறுவதைக் கேட்டு எனக்கு மண்டை வெடிக்கிறது என்றேன்.

மாமா நிமிர்ந்தார். "எந்த லீக்கு?"

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். மெஷின் ஒன்றும் ஓடவில்லை. பட்டறையில் இருந்த ஒரே சத்தம் அந்தச் சீறல்தான். குழாய் இணைப்பு அவர் முழங்கைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அவர் வழக்கமாக உட்காரும் அதே இடம்.

"இதுதான் மாமா," என்று காட்டினேன். அவர் அதையே பார்த்தார். என் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் கையைப் பிடித்து இணைப்புக்கு அருகில் வைத்தேன்.

"காத்து வருது," என்றார்.

"சத்தம் கேக்கலயா?"

காதை அதன் அருகே கொண்டுபோய் வைத்தார். தலையைத் திருப்பி அடுத்த காதை வைத்தார். நாராயணப்பன் டீ டம்ளர்களைச் சத்தம் வராமல் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மாமா கிடார் பக்கம் திரும்பினார். "பழைய அலுமினியம் எப்படி இருந்துச்சு? நெசத்தச் சொல்லு."

"நல்லா இருந்துச்சு மாமா. பள்ளம் விழுந்தும் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப கிடார்ல ஒண்ணும் இல்ல."

என் தொழிலும் சத்தத்தில்தான். டூல் மழுங்கினால் காதால்தான் கண்டுபிடிப்பேன். குலாம் பாய்க்குக் குத்தியது, எனக்கு இனித்தது, இவருக்கு மட்டும் மந்தமாக இருந்தது. மூன்று உலோகம் மாற்றினேனே தவிர, அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் யோசித்தேனா?

டிராயரிலிருந்து முதல் செட் அலுமினியத்தை எடுத்து, பத்தையும் மாட்டினேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். ட்ரெபிளைத் தொடவில்லை.

"நீயே வையி," என்றார்.

அவர் மீட்ட மீட்ட நான் திருகைக் குறைத்துக்கொண்டே வந்தேன். சத்தம் சரியாக வந்த இடத்தில் ஆம்பின்மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். கச்சேரியில் இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள், குலாம் பாயிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். தலையாட்டினார். அடுத்த மாதம் வேன் வரும்போது தாளம் போட மாட்டேன் என்று, நான் கேட்காமலே சொன்னார்.

பிறகு ஒரு பாட்டை மெதுவாக வாசித்தார். கம்பியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்து வாசித்தார். கடைசிச் சுரத்தில் உருளையைக் கம்பிமேல் அப்படியே நிறுத்தினார். அலுமினியத்தில் அந்த ஓசை மெலிந்து மெலிந்து நீண்டுகொண்டே போனது.

"இன்னும் கேக்குதா?" என்றார்.

"கேக்குது மாமா."

அவர் கையை எடுக்கவில்லை. ஓசை முழுக்க அடங்கி நான் தலையாட்டுகிற வரைக்கும் காத்திருந்தார்.