துரை விழுந்த அன்று நான் சொன்ன பகிடி

கந்தப்பன் பேச்சு வரும்போதெல்லாம் என் மனைவி பெற்றீசியா, "அவருக்கு நீங்க என்னதான் செஞ்சீங்க, சும்மா சும்மா முகம் வாடிப்போகுது?" என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். அது பொய். செய்ததை இப்போதாவது எழுதி வைக்கிறேன்.

1981இல் ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கந்தப்பன் அங்கே கவ்வாத்துக்காரர். இருபது வருஷம் மலைச்சரிவில் குனிந்து நின்று தேயிலை வெட்டியதில் அவருக்கு வலது முழங்கால் போய்விட்டிருந்தது. மழைக்காலத்தில் படியேறவே பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த வருஷம் கீழ்ப்பிரிவுக் கங்காணி ஓய்வு பெற இருந்தார். அந்த வேலை கந்தப்பனுக்கு என்று முடிவாகியிருந்தது. கங்காணி என்றால் கத்தி பிடிக்க வேண்டியதில்லை, நின்று வேலை வாங்கினால் போதும். நியமனக் கடிதத்தை நானே டைப் செய்து மேசை லாச்சியில் வைத்திருந்தேன். தோட்ட மேனேஜரான துரையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் ஒன்றாகத்தான் ராகலைக்கு நடப்போம். எனக்கு மாதா கோயில் பூசை, அவருக்குச் சந்தை. தோட்டத்து வழக்கப்படி, துரையோ உத்தியோகத்தரோ எதிரில் வந்தால் தொழிலாளி பாதையை விட்டு ஓரத்தில் தண்ணீர் ஓடுகிற கானில் இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் போகும்வரை நிற்க வேண்டும். "எனக்கெல்லாம் அப்படிச் செய்யாதீங்க" என்று வந்த புதிதிலேயே கந்தப்பனிடம் சொல்லிவிட்டேன். மற்ற உத்தியோகத்தர்கள் அதற்காக என்னைக் கேலி செய்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

அந்த நிலைமையில்தான் கொழும்பிலிருந்து பயிற்சி என்று ஒன்று வந்தது. தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்த பிறகு துரையும் தொழிலாளியும் ஒரே குடும்பம் என்று யாரோ மேலே முடிவு செய்திருந்தார்கள். குடும்பத்தில் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டுமாம். நம்பக் கற்றுக்கொடுக்கக் கழுத்தில் விசில் தொங்க ஒரு சிங்கள அதிகாரி, மாத்தயா, வந்து இறங்கினார். அவர் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்ல வேண்டும்.

இடம் பெரட்டுக் களம், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த வெளி. முதல் நாள் இரவு மழை பெய்து சிவப்புச் சேறு குழைந்து கிடந்தது. முதல் பயிற்சி, ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள இன்னொருவர் கைபிடித்து நடத்திப்போவது. தொழிற்சாலை டீமேக்கரின் கண்ணைக் கட்டி, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரிடம் ஒப்படைத்தார் மாத்தயா. அந்த இரண்டு பேரும் ஒரு கோழி விவகாரத்தில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை என்று அவருக்கு யார் சொல்வது? டிஸ்பென்சர் மிகுந்த மரியாதையோடு கைபிடித்துக் கூட்டிப்போய் டீமேக்கரை நேராக முள்வேலியில் விட்டார்.

அடுத்ததுதான் விழுகிற பயிற்சி. ஒருவர் கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்கிற ஆறு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். "நானே விழுந்து காட்டுகிறேன்" என்று துரை முன்வந்தார். வெள்ளைக் கால்சட்டை, முழங்கால் வரை வெள்ளை மேசு. பின்னால் நிற்கக் கவ்வாத்துக்காரர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். முன்னால் நின்றவர் கந்தப்பன்.

மாத்தயா சொன்னதை நான் ஒழுங்காகத்தான் தமிழில் சொன்னேன். கந்தப்பன் என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏங்கையா, தொரைய நாங்க தொட்டுப் புடிக்கணுங்களா?"

எனக்குக் குஷி பிறந்துவிட்டது. டீமேக்கர் முள்வேலியில் மாட்டியதைப் பார்த்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"தொட்டுத்தான் பாருங்களேன். நாளைக்கே பேர் வெட்டிருவாங்க" என்றேன்.

பேர் வெட்டுவது என்றால் வேலை போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். நான் லயத்தில் குடியிருக்கிறவன் இல்லை, அதனால் எனக்கு அது பகிடியாக இருந்தது. ஆறு பேருக்கும் கேட்டது, ஒருவரும் சிரிக்கவில்லை. "சும்மா சொன்னேன்" என்று அந்த நொடியே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுப்பதற்குள் மாத்தயா விசிலை ஊதிவிட்டார் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நேரம் இருந்தது.

துரை கைகளை மார்பில் கட்டி, கண்ணை மூடி, அடிமரம்போலப் பின்னால் சாய்ந்தார். மூன்று பேர் இந்தப் பக்கமும் மூன்று பேர் அந்தப் பக்கமுமாக ஒதுங்கினார்கள். ஆறு தலைத்துண்டுகளும் ஒரே சமயத்தில் கக்கத்துக்குப் போயின. தலைகுனிந்து துரைக்கு வழிவிட்டார்கள்.

பொத்தென்று சத்தம் கேட்டது. சேறு மாத்தயாவின் கண்ணாடி வரைக்கும் தெறித்தது. துரையின் நாய் ஓடிவந்து அவர் முகத்தை ஆசையாக நக்கியது. டீமேக்கர் சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து முடியாமல் ஆபீசுக்குப் பின்னால் ஓடினார். நானும் சிரித்தேன். கந்தப்பன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

துரை சேற்றோடே ஜீப்பில் ஏறிப் போனார். மறுநாள் காலை, "அந்தக் கந்தப்பன் கடிதத்தை அப்படியே வை. வேணுமென்றே செய்தானா, பார்ப்போம்" என்று என்னிடம் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் கந்தப்பன் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"தொரைக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்கையா. நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்க. நாங்க வேணும்னு செய்யலன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

யார் சொல்லி ஒதுங்கினோம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. அதை நானே எழுதுவேன் என்று நினைத்தார். நானும் எழுதத்தான் உட்கார்ந்தேன். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெற்றீசியா மாசமாக இருந்தாள். இருக்கிற குவார்ட்டர்ஸை விட்டால் போக இடமில்லை. இதெல்லாம் காரணமா என்றால், ஆமாம், காரணம்தான். ஆனால் அவருக்கும் காரணங்கள் இருந்தன, அவருக்கு முழங்காலும் இருந்தது. நான் இங்கிலீசில் டைப் செய்தது இதுதான்: 'அன்று விளக்கிச் சொல்லப்பட்டது எனக்கு விளங்கவில்லை. என் அறியாமையை மன்னிக்க வேண்டுகிறேன்.'

"வாசிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமே என்று மனசுக்குள் மாதாவைக் கும்பிட்டேன். இப்படி ஒரு காரியத்துக்குக்கூட மாதாவைக் கூப்பிட்டவன் நான்.

"எதுக்குங்க? நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று மைப்பெட்டியில் பெருவிரலைத் தோய்த்துக் கடிதத்தில் ரேகை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் துரை அவரைக் கூப்பிட்டார். வழக்கம்போல நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். துரை என்னைக் கைகாட்டி, தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் பேசினார்.

"இதிலே உனக்கு வெளங்க இல்லேன்னு எழுதியிருக்கு. நம்ம சூசைரட்ணம் நல்லாத் தமிழ்லே சொன்னது வெளங்காத ஆளு, நாப்பது ஆளை எப்படி வேலை வாங்கும்?"

கந்தப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'துரை, நான்தான் அப்படிச் சொன்னேன்.' மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன். அதைக் கந்தப்பன் பார்த்தார். பிறகு துரை பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க தொரை. எனக்குத்தான் வெளங்கல."

அன்று சாயங்காலம் அதே நியமனக் கடிதத்தை மறுபடி டைப் செய்தேன். கந்தப்பன் என்று இருந்த இடத்தில் அழகன் என்று வேறொருவர் பேரை அடித்தேன். வேறொன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை நுவரெலியாக் கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பஸ் ராகலைக்கு வருமுன் சொல்லி முடித்துவிட்டேன். பாரம் இறங்கவில்லை. கந்தப்பனிடமே சொல்லிவிடுவது, நாளைக்கே துரையிடமும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு ஞாயிறு காலை சீக்கிரமே புறப்பட்டேன்.

அவர் எனக்கு முன்னால் சந்தைப் பையோடு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்.

"கந்தப்பன், நில்லுங்க, நானும் வாறேன்!"

நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு பாதையோரத்துக்கு நகர்ந்து, ஒரு கையால் மண் கரையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மெல்ல மெல்ல இறக்கி, கானுக்குள் நின்றார். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, என்ன இது? மேல வாங்க. சேந்து போவோம்."

"நீங்க போங்கையா" என்றார். குரலில் கோபமே இல்லை.

நான் கடந்து போகும்வரை அவர் மேலே ஏறமாட்டார் என்று விளங்கியது. அந்த முழங்காலோடு அவரை எவ்வளவு நேரம் தண்ணீரில் நிறுத்தி வைப்பது? சொல்ல வந்ததைச் சொல்லாமல் நான் கடந்து போனேன்.