பத்து லிட்டர் தண்ணீர்

மிலோயே குப்பியைக் குலுக்கினார். நல்ல ராக்கியா சாராயம் என்றால் கழுத்தோரம் நுரைமணிகள் வட்டம் கட்டி நிற்கும். இதில் வந்த வேகத்தில் உடைந்துபோயின.

மகள் நெவேனா பிறந்தபோது என் தம்பி ராடிஷா காய்ச்சிய பிளம் சாராயம் அது. ஐம்பது லிட்டர் கண்ணாடிக் குடுவை, வாயில் மெழுகு வைத்து அடைத்து ஆப்பிள் மரத்தடியில் புதைத்தோம். கல்யாணத்தன்று தோண்டி, முதல் கிண்ணத்தை மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தருவது எங்கள் வழக்கம். அன்று காலை தோண்டி, அதிலிருந்து ஒரு குப்பியில் ஊற்றியிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா இந்த மிலோயே, அடுத்த ஊர்க்காரர்.

"தண்ணி கலந்திருக்கு சம்பந்தி. பொண்ணுக்குன்னு புதைச்சதுலயே கை வெச்ச வீட்டுல எப்படிச் சம்பந்தம் பண்றது? பசங்களா, வண்டிய எடுங்க."

ராடிஷா குடுவை வாயில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினான். வாயைத் திறந்து ஏதாவது சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாண உடையோடு நெவேனா வெளியே வந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். சாராயத்தின் வீரியத்தை அளக்கும் கண்ணாடிக் குழலைக் குடுவைக்குள் விட்டுப் பார்த்தாள்.

"நாப்பது சதவீதம். புதைக்கும்போது எவ்வளவு அத்தை?"

"ஐம்பது. நான்தான் அளந்தேன்," என்றேன்.

"பத்து குறைச்சல். ஐம்பது லிட்டருக்கு அஞ்சு லிட்டர் தண்ணி," என்றார் மிலோயே.

"இல்ல மாமா. வெளிய எடுத்தது எக்ஸ் லிட்டர்னா, மிச்சம் ஐம்பது கழித்தல் எக்ஸ். அதுல பாதிதான் சுத்தச் சாராயம். இப்ப குடுவையில ஐம்பது லிட்டருக்கு நாப்பது சதவீதம்னா, சுத்தச் சாராயம் இருபது லிட்டர். அப்ப மிச்சம் நாப்பது, எக்ஸ் பத்து." அவள் ராடிஷாவின் பக்கம் திரும்பினாள். "பத்து லிட்டர எடுத்துட்டு அவ்வளவும் தண்ணி ஊத்தியிருக்கு. யாருக்குப்பா குடுத்தீங்க?"

பைத்தியக்காரி, பெற்ற அப்பனையே சபையில் மாட்டிவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன்.

ராடிஷா தரையைப் பார்த்தபடி பேசினான். "உங்கம்மாவ அடக்கம் பண்ணின அன்னிக்கு ஊரே வந்துச்சு. அந்த வருஷம் ஆலங்கட்டி மழையில பிளம் ஒண்ணும் தேறல. வீட்டுல ஒரு சொட்டு கிடையாது. அவ பேரச் சொல்லி ஒரு கிண்ணம் ஊத்தாம சனங்கள எப்படிம்மா அனுப்புறது?"

நெவேனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிலோயே தொப்பியைக் கழற்றினார். குப்பியிலிருந்து ஒரு கிண்ணம் ஊற்றி, இறந்தவர்களுக்குச் செய்வதுபோல் கொஞ்சம் மண்ணில் சிந்தி, மீதியைக் குடித்தார். பிறகு காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துங்க சம்பந்தி. அன்னிக்கு வந்து குடிச்சதுல நானும் ஒருத்தன்."