மெத்தை மிருகம்

என் புருஷனுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. ஆள் பனைமரம் மாதிரி இருக்கிறார் என்பதற்காக ஒரு சினிமாவில் மிருகமாக்கிவிட்டார்கள். அந்தப் படத்துக்கு நான்தான் தையல்காரி. காட்டில் வழிதவறியவர்களை வேட்டையாடும் மிருகத்தைப் பழைய மெத்தைகளின் ஸ்பாஞ்சை வெட்டி, மேலே சடை ஒட்டிச் செய்திருந்தேன். முதுகில் ஜிப் வைத்தால் கேமராவில் பல்லிளிக்கிறது என்று டைரக்டர் முகம் சுளித்ததால், தினமும் என் புருஷனை உள்ளே விட்டு நைலான் நூலால் தைத்து மூடுவேன்.

அன்று மிருகம் சாகிற காட்சி. காட்டோடையில் இடுப்பளவுத் தண்ணீர்.

"நான் கட் சொல்ற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது. இருக்கறது ஒரே டிரெஸ், ஒரே டேக்" என்றார் டைரக்டர்.

ஊறின ஸ்பாஞ்ச் என்ன கனம் கனக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாயம் போகுமே என்றுதான் கவலைப்பட்டோம். ஆபத்து என்றால் கையைத் தூக்கச் சொல்லியிருந்தோம். சாகிற மிருகம் கையைத் தூக்காமல் வேறென்ன செய்யும்? என்ன புத்தியோ எங்களுக்கு.

முதலில் அவர் வழக்கம்போல் மார்பில் கை வைத்து, தூக்கம் வந்தவர் மாதிரி மெல்லச் சாய்ந்தார். கேமராமேன் தலையில் அடித்துக்கொண்டார். என் புருஷன் மூழ்கினார், எழுந்தார், மறுபடி மூழ்கினார். அடுத்த தடவை தோள் மட்டும்தான் மேலே வந்தது. ஒரு கை தண்ணீரை அறைந்துகொண்டே இருந்தது.

"பின்றாருய்யா மனுஷன்" என்று டைரக்டர் முணுமுணுத்தார். "பாத்தீங்களாக்கா உங்க வீட்டுக்காரரை?"

இவ்வளவு நன்றாக நடிக்க அவருக்குத் தெரியாது.

"கட் சொல்லுங்க தம்பி. அவர் நடிக்கல."

"சும்மா இருங்கக்கா."

கத்திரிக்கோலோடு தண்ணீரில் பாய்ந்தேன். அவரைப் புரட்ட முடியவில்லை. முதுகுத் தையலைத் தேடிப் பிடித்தேன். நான் போட்ட தையல், அவ்வளவு லேசில் விடுமா? அறுக்க அறுக்க நூல் வழுக்கியது. என் கைவேலையை நானே சபித்தேன். நூலை விட்டுவிட்டு ஸ்பாஞ்சைக் குத்திக் கிழித்தேன். தலை வெளியே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. அதற்குப் பிறகுதான் கேமராமேனும் லைட்மேனும் ஓடிவந்து எங்களைக் கரைக்கு இழுத்தார்கள்.

இருமினார். தண்ணீர் கக்கினார். மூச்சு வந்தது. "போயிட்டீங்கன்னே நெனச்சேன்" என்று அவர் மார்பில் குத்திக் குத்தி அழுதேன்.

டைரக்டர் மூச்சிரைக்க வந்தார். "கேமரா ஓடிட்டேதான் இருந்துச்சுக்கா. மிருகத்தை நீங்க குத்திக் கொல்றீங்க, கிளைமாக்ஸே வேற லெவல். ஒரே ஒரு குளோசப் மட்டும் எடுத்துக்கட்டுமா?"

என் புருஷன், அந்தப் பிள்ளைப்பூச்சி, கிழிந்த தோலுக்குள் மறுபடி கையை நுழைக்கப் போனார். அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தாராளமா எடுக்கலாம் தம்பி. ஊசி நூல் பையிலதான் இருக்கு. உள்ள நீங்க எறங்குங்க, நான் தைச்சு விடறேன்."

டைரக்டர் மிருகத்தின் பிளந்த முதுகைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், பேக்கப் என்றார்.