அத்தைக்குப் பொறுக்காத பொய்கள்

அந்தக் குடும்பத்தில் பழைய கதையைக் கேட்டால் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். அதிலும் அத்தை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். அந்த வீட்டுப் பெண்ணான பல் டாக்டருக்கு ஒரு வயது ஆகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டவள் அம்மா. வளர்த்த அத்தையிடம் அவளைப் பற்றி எத்தனையோ முறை கேட்டாயிற்று. "போ, போய் வேலையைப் பாரு." அவ்வளவுதான் பதில்.

ஆனால் யாராவது தப்பாகச் சொன்னால் மட்டும் அத்தைக்குப் பொறுக்காது. குறுக்கே விழுந்து திருத்துவாள். இது டாக்டருக்கு உறைத்த அன்று, அத்தை கடைவாய்ப் பல் வலியோடு கிளினிக் நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள்.

"அம்மா பஸ்ல டிக்கெட்தான் கிழிச்சாங்களாமே" என்றாள் டாக்டர், ஈறோரம் பஞ்சை வைத்தபடி.

பஞ்சு பறந்தது. "டிக்கெட்டா? பஸ்ஸே ஓட்டினாடி! டிப்போவில அவ ஒருத்திதான் பொம்பளை."

டாக்டர் புதுப் பஞ்சு வைத்தாள். "ரொம்ப பயந்த சுபாவமாம்."

"யாரு, அண்ணியா? இறக்கத்துல பிரேக் போச்சு. ஸ்டியரிங்கை ஒடிச்சு மண் குவியல்ல ஏத்தி நிறுத்தினா. ஒருத்தருக்கும் கீறல் இல்ல. இறங்கி வந்து, 'அடுத்த வண்டி வரும், யாரும் திட்டாதீங்க'ன்னா!"

டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்படிப்பட்டவளுக்கா பிறந்தோம்! ஆனால் அவளுக்குத் தெரியவேண்டியது வேறு. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போனவள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்த நாள் முதல், அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. கருவியைத் தட்டில் வைத்தாள்.

"அம்மாவுக்குப் பஸ்தான் பெரிசாம். என்னைக் கண்டுக்கவே இல்லையாம்."

அத்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "எவ சொன்னா? தினமும் நம்ம தெரு வழியாத்தான் ஓட்டுவா. உன்னை ஜன்னல்ல தூக்கிக் காட்டுவேன். ஹார்ன் அடிச்சா நீ அழுவேன்னு, பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பா. உள்ள இருக்கறவங்க கத்துவாங்க. 'கொஞ்சம் பொறுங்க, என் பொண்ணு இன்னும் டாட்டா காட்டல'ம்பா."

டாக்டர் முகக்கவசத்தை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தையும்தான்.

"கேட்டப்பல்லாம் ஏன் அத்தை சொல்லல?"

"கேட்டா அழுகை வருது. கோபம் வந்தாத்தான் அவளைப் பத்திப் பேச முடியுது." அத்தை மறுபடி சாய்ந்தாள். "நீ கதை கட்டறது முதல் பஞ்சுலயே தெரியும்டி. பொய் சொல்ல வராது உனக்கு, உங்கம்மா மாதிரியே."

சிகிச்சைக்காக வாயை அகலத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

"ம், அடுத்த பொய்யைச் சொல்லு."