உப்பு பூத்த சுவர்

பொன்னிக்கு ஜான்சியின் மேல் பொறாமை வந்தது புடவையாலோ நிறத்தாலோ அல்ல. அவள் கையில் சுவர் பூசுகிற கரணை இருந்ததால் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து பொன்னி தன் கணவன் மாயவனுக்குச் சித்தாளாக இருந்தாள். மணல் சலிப்பாள், கலவை போடுவாள், தண்ணீர் சுமப்பாள். மாயவன் மேஸ்திரி, பூசுவது அவன் வேலை. புதிதாகக் குடும்பம் நடத்திய காலத்தில் ஒருமுறை, "நான் கொஞ்சம் பூசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் சிரித்தான். "அடி, கலவைய ஒழுங்கா போடு, அது போதும்." அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை மரக்காணத்தைப் புரட்டி எடுத்துவிட்டது. உப்பளம் எல்லாம் குளமாகி, வீடுகளின் சுவர்கள் ஊறி, மழை விட்டதும் காய்ந்து விரிசல் விட்டன. உப்பள முதலாளி பக்தவச்சலத்தின் வீட்டில் தை மாதம் கல்யாணம். கூடத்திலும் படுக்கையறையிலும் சுவர் நெடுக வெடிப்பு. அந்த வேலை மாயவனுக்கு வந்தது. தனியாக முடிக்க முடியாது என்று அவன் ஜான்சியைக் கூட்டிவந்தான்.

ஜான்சி குயிலாப்பாளையத்தில் விடுதி கட்டும் வேலைகளில் பழகியவள். பொன்னியைவிடச் சின்னவள். அவள் வெடிப்பைக் கண்டதும் அதன்மேல் எதையும் அப்பவில்லை. முதலில் உளியால் வாயை அகலமாக வெட்டினாள். உதிர்ந்ததைத் தூரிகையால் கூட்டி எடுத்தாள். உள்ளே தண்ணீர் தெளித்து, கலவையை அழுத்தி நிரப்பினாள். அது இறுகிய பிறகு மேலே நைலான் வலைத் துண்டை ஒட்டி, அதன்மேல் தகட்டால் மெல்லிசாகப் பட்டி மாவு இழுத்தாள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், வெடிப்பு எங்கே இருந்தது என்று கேட்க வேண்டியிருந்தது.

மாயவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"பாத்தியா பொன்னி, இன்னா கை அது," என்றான். "வெண்ணெய் தடவற மாதிரி."

பொன்னி கலவைச் சட்டியை இறக்கி வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் போட்ட கலவையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதியம் சாப்பிடும்போது அவன் தன் மீன் துண்டு ஒன்றை ஜான்சியின் தட்டில் வைத்தான். அதுகூடப் பொன்னிக்குப் பெரிதாகப் படவில்லை. சாப்பிட்டு எழுந்தவன், தன்னுடைய நல்ல கரணையை எடுத்து, "இத வெச்சிப் பூசும்மா, உன்னுது மொக்கையா இருக்குது," என்று அவளிடம் நீட்டினான். அதைத்தான் பொன்னியால் தாங்க முடியவில்லை. அந்தக் கரணையைக் கழுவித் துடைத்து வைக்கத்தான் அவளுக்கு இதுவரை உரிமை.

அன்றிலிருந்து அவள் ஜான்சியின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்காவது ஒரு மேடு, ஒரு பள்ளம் விழாதா என்று பார்த்தாள். உளி எந்தச் சாய்வில் இறங்குகிறது, தண்ணீர் எவ்வளவு தெளிக்கிறாள், தகட்டை எப்போது திருப்புகிறாள், எல்லாம் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வேலை தொடங்கிய அன்றே ஜான்சி சொல்லியிருந்தாள்: "அக்கா, பின்னால இருக்கிற போர் தண்ணி வேணாம்க்கா. ஒரே உப்பு. சுவத்த தின்னுடும். தெருக்குழாய்லயே புடிச்சிக்கலாம்."

படுக்கையறைச் சுவருக்குக் கலவை போட வேண்டிய அன்று தெருக்குழாயில் கூட்டம். பொன்னி குடத்தோடு வரிசையில் நின்றாள். உள்ளேயிருந்து மாயவனும் ஜான்சியும் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் வரிசையை விட்டு விலகி, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். போர் தண்ணீரைப் பிடித்துக் கலவையில் ஊற்றினாள். வலையின் மேல் இழுக்கும் பட்டிக்கும் அதையே ஊற்றினாள். ஜான்சி ஒன்றும் தெரியாமல் வாங்கிப் பூசினாள். சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது.

மார்கழி நடுவில் பக்தவச்சலம் ஆள் விட்டார். மூவரும் போய்ப் பார்த்தார்கள். கூடம் அப்படியே இருந்தது. படுக்கையறைச் சுவர் முழுக்க வெள்ளையாகப் பொரிந்து, தொட்ட இடமெல்லாம் பொருக்கு உதிர்ந்தது. பழைய வெடிப்பு மறுபடி கோடு காட்டியது.

"இன்னா மாயவா இது," என்றார் பக்தவச்சலம். "சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து தங்கற ரூமு."

மாயவன் தலையைச் சொறிந்தான். "இந்த ரூமு நான் பூசலீங்க. இந்தப் பொண்ணு பூசினது. பொம்பள கையில கரணையக் குடுத்தா இப்படித்தாங்க ஆவும். என் புத்திய சொல்லணும்."

ஜான்சி சுவரருகே போனாள். பொருக்கை நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்தாள். பிறகு திரும்பிப் பொன்னியைப் பார்த்தாள். "தண்ணி," என்றாள்.

"தண்ணி மேல பழி போடாத," என்றான் மாயவன்.

அவள் தன் உளியையும் தகட்டையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பொன்னி எதை விரும்பினாளோ அது நடந்துவிட்டது. ஆனால் அவள் காதில் ஜான்சியின் செருப்புச் சத்தம் விழவில்லை. மாயவன் சொன்ன வாக்கியம்தான் நின்றது. பொம்பள கையில. அது ஜான்சியை மட்டும் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மாயவன் பொருக்கைச் சுரண்டிவிட்டு, வெடிப்பின் மேலேயே அவசரமாகப் பட்டியை அப்பினான்.

"வாய வெட்டாம பூசினா மறுபடியும் விரியுங்க," என்றாள் பொன்னி.

"உனக்கு யார் சொன்னது?"

"அவ அப்படித்தான் செஞ்சா."

"அவ பேச்ச எடுக்காத."

அது காய்ந்ததும் விரிந்தது. மாயவன் அப்போது கிளியனூரில் வேறு ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பொன்னி ஒருத்தியாகப் பக்தவச்சலத்தின் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி சுலோசனா கதவைத் திறந்தாள். "அவரு வரல, நான் பாக்கறேம்மா," என்று சொல்லிவிட்டுப் பொன்னி உள்ளே போய் எல்லாவற்றையும் பழைய பூச்சு வரைக்கும் சுரண்டி எடுத்தாள். வெட்டினாள், கூட்டினாள், தெருக்குழாய்த் தண்ணீரால் நனைத்தாள், அழுத்தினாள். கை அவளுக்கு முன்னாலேயே போனது. வன்மத்தோடு பார்த்துப் பார்த்துப் படித்த பாடம், ஒன்றும் மறக்கவில்லை. ஓரத்தில் ஒரு சின்ன மேடு விழுந்தது. மற்றபடி சுவர் நின்றது. பொங்கல் முடிந்தும் நின்றது.

கல்யாணத்துக்கு முன்தினம் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சுலோசனா பொன்னியைக் கூப்பிட்டாள்.

"பிரம்மதேசத்துல என் தங்கச்சி வீட்டுலயும் சுவரு வெடிச்சிருக்குது. நீயே போய்ப் பூசு. அந்த ஜான்சிப் பொண்ண விட உன் கை நல்ல கை."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் வயிறு அத்தனை நாள் எரிந்தது. கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜான்சி பூசிய கூடத்துச் சுவர் எதிரே இருந்தது. அதில் ஒரு மேடுகூட இல்லை.

"அவ பூசினதுல குறை இல்லம்மா," என்றாள். "நான்தான் போர் தண்ணிய ஊத்திட்டேன். வேணும்னே."

சுலோசனாவின் கை தோரணக் கயிற்றில் நின்றது. அவள் திட்டவில்லை. "சரி, போ," என்று மட்டும் சொன்னாள்.

அன்றே பொன்னி மாயவனிடமும் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "வெளிய யார்கிட்டயும் சொல்லாத. பேரு கெட்டுடும்," என்றான்.

"அந்தம்மா கிட்ட சொல்லிட்டேன்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

பிரம்மதேசம் வேலை ஜான்சிக்குப் போனது. பொன்னி எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, மாசியில் ஜான்சி சொல்லியனுப்பியது. சுரண்ட ஆள் வேண்டும், வந்தால் வரலாம்.

பொன்னி போனாள். ஜான்சி அவளை உட்காரச் சொல்லவில்லை. "நீ சுரண்டு, தேய்ச்சி விடு. கலவைப் பக்கம் வராத. தண்ணி நான் கொண்டாந்துக்கறேன்," என்றாள்.

"சரி."

"நீ நல்லா சுரண்டறன்னு சுலோசனாம்மா சொன்னாங்க. அதான் கூப்பிட்டேன். வேற எதுவும் இல்ல."

"சரி."

பகலெல்லாம் பொன்னி சுரண்டினாள். பழைய சுண்ணாம்பு கண்ணில் விழுந்தது. பக்கத்துச் சுவரில் ஜான்சி பட்டி இழுப்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். தகட்டை அவள் இங்கே வேறு மாதிரிப் பிடித்திருந்தாள், கட்டைவிரல் மேலே ஏறியிருந்தது. ஓரத்தில் மேடு விழாமல் இருக்கப் போல. பொன்னிக்கு வயிறு பழையபடி எரிந்தது. கட்டைவிரலை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாயவன் கேட்டான். "இன்னா வேலை குடுத்தா?"

"சுரண்டற வேலை."

"அதுக்கா பஸ் ஏறிப் போற?"

"ஆமா," என்றாள் பொன்னி. "நாளைக்கும் போறேன்."