கன் கழுவுகிற தின்னர்

உட்கார நாற்காலி போதவில்லை என்று பின்பக்கக் கொட்டகையில் கிடந்த ஒன்றைத் தம்பி இழுத்தபோது, அதன் கால் மாட்டிப் போர்வை சரிந்தது. உள்ளே அக்கா கடைசியாக, மரத்துக்குப் பளபளப்பேற்றும் லேக்கர் அடித்த எழுதும் மேஜை. மேலெல்லாம் பால் கொட்டிக் காய்ந்ததுபோல வெளுத்திருந்தது.

அக்கா முன்னறையில் கிடத்தப்பட்டிருந்தாள். விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. வெளியே மழை விடவில்லை.

அந்த மேஜைக்குச் சொல்லி வைத்திருந்த டீச்சர், குடையை மடக்கியபடி எட்டிப் பார்த்தார்.

"எத்தனை வீட்டுக்கு அடிச்ச கை! கை விட்டுப்போச்சு டீச்சர்னு என்கிட்ட அழுதாங்கப்பா."

அவன் வெளுப்பை விரலால் தேய்த்துப் பார்த்தான். 

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் அக்காவின் மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. லேக்கரைக் கரைக்கிற தின்னரை மூடியைத் திறந்து மோந்தே எடுப்பவள். அந்த மூக்குக்குக் கடைக்காரரே பயப்படுவார். இந்த மேஜைக்குத் தின்னர் வாங்க முதல்முறையாகத் தம்பியை அனுப்பினாள்.

"மெதுவா காயுறதா பாத்து வாங்குடா. வேகமா காஞ்சா ஈரத்த இழுத்து வெளுத்துடும்."

அந்தக் கடைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவன் தெருமுனையிலேயே, ஸ்ப்ரே கன் கழுவுகிற, சட்டென்று காயும் மட்டத் தின்னரை வாங்கி, அக்காவின் பழைய டின்னில் ஊற்றிக்கொடுத்தான்.

"வாசனை சரியா இருக்கா?" என்று கேட்டாள். அக்காவின் கணவர், மாமாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

"சரியாத்தான்கா இருக்கு." வாய் கூசவில்லை அவனுக்கு.

மேஜை வெளுத்தது. வெளுப்பைப் போக்க வெறும் தின்னரை மெல்ல அடித்தாள். அதே டின். இன்னும் வெளுத்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு ஸ்ப்ரே கன்னை ஆணியில் மாட்டியவள், அப்புறம் எடுக்கவேயில்லை. அன்றைக்கும் அவன் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினான். இப்போது அதை நினைக்கவே கூசியது.

"போர்த்தி வைடா," என்றார் மாமா. "நாலு பேர் பாத்தா அவளுக்கு அவமானம். போய் வாடகை நாற்காலிக்குச் சொல்லிட்டு வா."

நாற்காலிக்குச் சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறினான். இரண்டு பஸ். கடைக்காரர் அவன் கேட்கும் முன்பே சரியான டின்னை எடுத்து வைத்தார்.

"அக்கா அனுப்பினாங்களா? எப்படி இருக்காங்க?"

"ம்," என்றான். டின்னை மடியில் வைத்தபடி வீடு திரும்பினான்.

ஆணியிலிருந்த கன்னை எடுத்தான். அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் உறுமியதும் முன்னறைப் பேச்சு அடங்கியது. வெறும் தின்னரைப் பனிபோல மேஜைமேல் அடித்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளை கரைந்து, மரத்தின் வரி ஒவ்வொன்றாக மேலே வந்தது. அக்காவின் கை அப்படியே இருந்தது.

"இந்த நேரத்துல என்னடா சத்தம்?" கொட்டகை வாசலுக்கு வந்த மாமா மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன அடிச்ச?"

"தின்னர்தான், மாமா."

"அவளும் அதத்தானே அடிச்சா?"

"அது கன் கழுவுறது. நான்... பக்கத்துலயே வாங்கிட்டேன்."

மாமா அலமாரியிலிருந்து பழைய டின்னை எடுத்து, மூடியைத் திறந்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"வாசனை சரியா இருக்கா?"



மாமா டின்னைக் கீழே வைத்தார். தரையில் கிடந்த போர்வையை எடுத்தார். மடிக்க இரண்டு பேர் வேண்டிய பெரிய போர்வை. அவன் ஒரு முனைக்குக் கை நீட்டினான். மாமா அதைத் தனியாகவே மடித்தார்.